கெப்பின் தொட்டியில் கிடக்கும் சாமானுக்கு எந்தப் பூட்டு?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் குளிரூட்டி திருத்தும் ஒரு தம்பி, உப்புவெளியில் தேத்தண்ணி குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார். கால்மணி நேரத்தில் டபுள் கெப்பின் (இரண்டு வரிசைச் சீற்றும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள வண்டி) பின் தொட்டியில் இருந்த ட்ரில், காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், ஒரு செப்புக் குழாய்ச் சுருள் மூன்றும் போய்விட்டன. தறப்பாள் போட்டுக் கயிறு இறுக்கிக் கட்டித்தான் இருந்ததாம். இனி எந்தப் பூட்டு வாங்கலாம், பெட்டி அடித்துப் போட்டால் போதுமா, அலாரம் பூட்டலாமா, விலை என்ன வரும் என்று கேட்கிறார். வாயில் வருவது பூட்டு. மனதில் இருப்பது, வண்டியை விட்டுப் போய்த் திரும்பும்வரை சாமான் அங்கேயே கிடக்க என்ன வழி என்பது. முதல் கேள்விக்கு ஹார்ட்வெயார் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

திருகோணமலையில், அனுராதபுரச் சந்திப் பக்கம் 22 வருடமாக வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலைதான் முக்கால்வாசி. மீதி கெப், பட்டா என்கிற குட்டி லொறி, மற்றச் சின்ன லொறிகளுக்குப் பெட்டியும் கூடும் அடிப்பது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் பெட்டி செய்ததில் வந்ததில்லை, உடைத்ததில் வந்தது. திறப்பைத் தொலைத்துவிட்டு வண்டியோடு வந்து நிற்பார்கள். அப்படித் திறந்துகொடுத்த பெட்டிகளில் பூட்டை வெட்டியது மிகக் குறைவு. முதலில் கொண்டியைப் பார்ப்பேன், அப்புறம் பிணைச்சல், அப்புறம் மூடியின் மூலை. மூன்றில் ஒன்று எப்படியும் இளகும். கள்ளனும் அதே வரிசையில்தான் பார்ப்பான். ஒருமுறை ஒருவர் வெளிநாட்டில் இருந்து தம்பி அனுப்பிய உள்ளங்கை அளவு பூட்டோடு வந்தார். தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோ இருக்கும். அது தொங்கிய கொண்டியை நான்கு சின்ன ஸ்குரூ பிடித்திருந்தது. சீமைப் பூட்டு, உள்ளூர் ஆணி.

நானும் கெட்டிக்காரனில்லை. கிண்ணியாவில் ஒரு வேலைத்தளத்தில் ஜெனரேட்டரைக் கெப்பின் தொட்டியிலேயே விட்டு, நல்ல தடித்த சங்கிலியால் தொட்டியின் கொளுக்கியோடு பிணைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். காலையில் போனால் சங்கிலி இருந்தது, பூட்டு இருந்தது, சங்கிலிக்குள் ஜெனரேட்டரின் கைபிடியும் இருந்தது. ஜெனரேட்டர் மட்டும் இல்லை. கைபிடியை உடலோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டை ஸ்பானரால் கழற்றிவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். சங்கிலியைக் கழற்ற முடியாத சட்டத்துக்குள்ளால் விடவேண்டும் என்பது அன்றைக்குப் படித்த பாடம். படிப்புச் செலவு கொஞ்சம் அதிகம்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். பற்றரியில் ஓடும் ஒரு கிரைண்டர் கையில் இருந்தால் கடையில் கிடைக்கும் எந்த ஆமைப்பூட்டையும் சில நிமிடங்களில் வெட்டலாம். உடையாத பூட்டு என்று யாராவது விற்றால் நம்பவேண்டாம். ஆகவே நாம் வாங்குவது நேரத்தையும் சத்தத்தையும்தான். பகல் பத்து மணிக்கு உப்புவெளி றோட்டோரம் கிரைண்டரைப் போட்டுத் தீப்பொறி பறக்க யாரும் நிற்கமாட்டான். அங்கே வருவது கையால் தூக்குகிறவன், மிஞ்சினால் உடுப்புக்குள் பூட்டு வெட்டும் ஒரு கட்டரை ஒளித்துக்கொண்டு வருகிறவன். அவனுக்கு இருப்பது அரை நிமிடம். இரவில் வீட்டு வாசலிலோ கட்டி முடியாத ஒரு ஹோட்டல் வளவிலோ நிற்கும் வண்டி வேறு கதை. அங்கே அவனுக்கு நேரம் இருக்கிறது, அலவாங்கும் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் பகல் களவுதான் கூட என்று எனக்குப் படுகிறது. எண்ணிப் பார்த்த கணக்கில்லை, காதில் விழுந்த கணக்கு.

தம்பி, பகல் களவுக்கு உங்கள் தறப்பாள் உதவாததில் ஆச்சரியமில்லை. தறப்பாள் மழைக்கும் தூசிக்கும் உள்ளது. கயிறு சாமான் றோட்டில் விழாமல் இருக்க. அரை நிமிடக் கள்ளனை நிறுத்த இரண்டு விஷயம் போதும்: கண்ணுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தாலும் ஒரே தூக்கில் வரக்கூடாது. டபுள் கெப் என்றால் ட்ரில், கேஜ் செட் மாதிரியான சின்ன, விலைகூடிய சாமான் பின் சீற்றின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய போர்வைக்குக் கீழே கிடக்கட்டும். செப்புச் சுருளின் நடுவால் ஒரு சங்கிலியை விட்டுத் தொட்டியின் கொளுக்கியில் பூட்டுங்கள். ஏணியும் அப்படியே. வண்டியை நிறுத்தும்போது பின் கதவு திறக்க முடியாத அளவுக்கு மதிலோடு ஒட்டிப் பின்னால் எடுத்து நிறுத்துங்கள். ஹோட்டலுக்குள் போனால் காவலாளியின் கதிரைக்கு முன்னால் நிறுத்துங்கள், மர நிழலைத் தேடிப் பின்பக்கம் போகவேண்டாம். இதற்கெல்லாம் சங்கிலிக் காசு மட்டும்தான் செலவு.

சரி, பூட்டுக்கு வருவோம். பார்க்கவேண்டியது வளையத்தின் தடிப்பும் அது கடினப்படுத்திய உருக்கா என்பதும். இரண்டடி நீளமான கை கட்டர் 8 மில்லிமீற்றர் சாதாரண இரும்பை வெண்ணெய் மாதிரி வெட்டும். கடினப்படுத்திய 12 மில்லிமீற்றர் வளையத்தில் பல்லுப் போகும். ஐரோப்பாவில் ஆமைப்பூட்டுகளுக்கு இஎன் 12320 என்ற தரநிலை இருக்கிறது, 1 முதல் 6 வரை படி. பெட்டியில் அந்த இலக்கமும் 4 அல்லது அதற்கு மேல் படியும் போட்டிருந்தால் நல்ல பூட்டு. நம் கடைகளில் பெரும்பாலும் அது இருக்காது, கடினப்படுத்தியது என்று வளையத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். பொறிப்பது யாராலும் முடியும். வீட்டுக்குக் கொண்டுவந்து வளையத்தை அரத்தால் ஒருதரம் உரசிப் பாருங்கள். மேல்பூச்சு போனபிறகும் அரம் வழுக்கினால் அது கடினமானது. கடித்து இழுத்தால் நீங்கள் வாங்கியது பெயரை மட்டும். வளையம் வெளியே தெரியாத வட்டப் பூட்டும் இருக்கிறது, கட்டரின் வாய் நுழைய இடம் குறைவு என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

திருகோணமலையில் பூட்டைப் பற்றிப் பேசினால் கறளைப் பற்றிப் பேசாமல் முடியாது. கண்டியில் பத்து வருடம் உழைக்கும் பூட்டு இங்கே கடற்கரையோரம் இரண்டு மாரிக்குத் தாங்காது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது உப்பு எல்லாவற்றிலும் போய் உட்காரும். இரும்பு உடல் கொண்ட மலிவுப் பூட்டு உள்ளுக்குள் இறுகிப்போகும், பிறகு அதை உடைக்கக் கூலி எனக்குத்தான். முழுக்கச் சில்வர் (ஸ்டெயின்லெஸ்) உருக்குப் பூட்டு லேசில் கறள் பிடிக்காது, ஆனால் அதன் வளையம் பொதுவாகக் கடினப்படுத்திய உருக்கைவிட இளக்கம், கட்டருக்கு விட்டுக்கொடுக்கும். ஆகவே நான் சொல்வது பித்தளை உடல், கடினப்படுத்திய வளையம். வளையத்தில் கறள் ஏறத்தான் செய்யும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சாமான் என்று நினைத்து வாங்குங்கள். திறப்பு ஓட்டைக்குள் என்ஜின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடவேண்டாம், நிலாவெளி மணல் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், இறுகியதை இளக்கும், ஆனால் நாட்பட்ட உராய்வுக்கு அது நிற்காது. பென்சில் கரியான கிரபைட் தூளோ சிலிக்கன் ஸ்பிறேயோ மாதத்துக்கு ஒருதரம் போதும். ஓட்டை கீழ்நோக்கி இருக்கப் பூட்டி, பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மேலே மூடிபோலத் தொங்கவிட்டால் மழை உள்ளே போகாது.

இனிப் பெட்டி. பெட்டி நல்லதுதான், ஒழுங்காகச் செய்தால். தடிப்பில் இருந்து தொடங்குவோம். 1.4 மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், அரை மீற்றர் உயரம் உள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 3.3 சதுர மீற்றர் தகடு வேண்டும். இரும்பில் ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் சதுர மீற்றருக்கு 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே 2 மில்லிமீற்றர் தகட்டில் 52 கிலோ, 3 மில்லிமீற்றரில் 78 கிலோ, ஆங்கிளும் கொண்டியும் சேர இன்னும் பத்துப் பதினைந்து. சாதாரண கெப் ஒரு டன் அளவில் தூக்கும் என்பதால் பாரம் பிரச்சினையில்லை, ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தால் மட்டும் கணக்குப் பாருங்கள். 2 மில்லிமீற்றர் போதும், மூடிக்கு மட்டும் 3 போடச் சொல்வேன், ஏனென்றால் அலவாங்கு வைப்பது மூடியில்தான். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு பாரம், உப்புக்கும் தாங்கும், ஆனால் அலவாங்குக்குச் சட்டென்று வளையும். அதோடு அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும், இடையில் றப்பர் வைக்கவேண்டும்.

மூடியின் விளிம்பு பெட்டியின் மேல் ஒரு அங்குலமாவது கீழே இறங்கி மூடவேண்டும். விளிம்புக்கு விளிம்பு முட்டினால் அலவாங்கின் நுனி நுழைய நாமே வழி விட்டதாகும். பிணைச்சல் உள்ளே இருக்கட்டும். வெளியே இருந்தால் அதன் ஆணியைத் தட்டி எடுத்துவிடலாம், முன்பக்கத்தில் எத்தனை பூட்டு தொங்கினாலும் மூடி பின்பக்கமாகத் திறக்கும். பூட்டு நடுவில் ஒன்று என்றால் மூலைகள் வளைந்துகொடுக்கும், இரண்டு ஓரத்திலும் இரண்டு போடுங்கள், ஒரே திறப்பில் திறக்கும் சோடிப் பூட்டாக வாங்கினால் வசதி. பூட்டைச் சுற்றித் தடித்த குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் கை மட்டும் கீழிருந்து நுழையும், கட்டர் நுழையாது. என்னிடம் ஒரே ஒரு விஷயத்துக்குக் காசு செலவழிப்பேன் என்று சொன்னால் இந்தக் குழாய்த் துண்டைத்தான் காட்டுவேன்.

அடுத்தது, பெட்டியை வண்டியோடு பிடிப்பது. பலர் மறந்துபோகும் இடம் இது. சும்மா வைத்த பெட்டியை இரண்டு பேர் அப்படியே தூக்கிப் பட்டாவில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் ஆறுதலாகத் திறப்பார்கள். தொட்டியின் தளம் மெல்லிய தகடு. வெறும் போல்ட்டும் வாசரும் போட்டால் அலவாங்கின் ஒரு நெம்பில் தகடு கிழிந்து போல்ட் மேலே வரும். கீழ்ப்பக்கம் 5 மில்லிமீற்றர் தடிப்பில் உள்ளங்கை அளவு தகடு வைத்து, போல்ட்டின் வழுவழுப்பான உருண்டைத் தலை வெளியே, நட் பெட்டிக்குள்ளே வரும்படி நான்கு இடத்தில் பிடிக்கவேண்டும். அப்போது பெட்டியைத் திறக்காமல் பெட்டியைக் கழற்ற முடியாது. துளை போடுவதற்கு முன்பு வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள், எரிபொருள் தாங்கியும் பிறேக் குழாயும் வயர்களும் அங்கேதான் ஓடுகின்றன. தொட்டியோடு வெல்டிங் பண்ணித் தா என்று கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எரிபொருளுக்கு மேல் நெருப்பு வைக்க எனக்கு மனமில்லை, பற்றரியைக் கழற்றாமல் ஒட்டினால் வண்டியின் இலத்திரனியல் பெட்டிகளும் போகலாம். துளையின் விளிம்புக்கு உடனே பிறைமர் பூசி அடைக்கவும், இல்லையென்றால் களவு போகாத தொட்டி கறளில் போய்விடும்.

நீங்கள் குளிரூட்டி வேலை செய்பவர் என்பதால் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். காஸ் சிலிண்டரை இந்தப் பெட்டிக்குள் பூட்டவேண்டாம். குளிரூட்டி வாயுச் சிலிண்டர்களில் 52 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக விடாதே என்று எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று கையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஆர்-32 என்ற குளிரூட்டி வாயு தீப்பற்றக்கூடியது. ஒட்டு வேலைக்கு அசிட்டிலீன் கொண்டுபோனால் இன்னும் மோசம், சின்ன ஒழுக்கு போதும், காற்றோட்டமில்லாத பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு பொறி பட்டால் கதை முடிந்தது. சிலிண்டர்களுக்குக் காற்று ஓடும் கம்பிக் கூடு அடித்து, நிமிர்த்தி வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். அதற்கு மேல் நிழல் வேண்டும்.

பின் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பல கெப்களில் பின் கதவைப் பாதி சாய்த்து ஒரு பக்கம் தூக்கினால் கழன்று கையோடு வந்துவிடும், கழுவ வசதியாக அப்படி வைத்திருக்கிறார்கள். கள்ளனுக்கும் வசதி. கழலும் பக்கத்துப் பிணைச்சலைச் சுற்றி ஒரு உருக்கு ஹோஸ் கிளிப்பை இறுக்கினால் கதவு தூக்க வராது. இதற்குச் செலவு ஒரு பிளேன் ரீ அளவுதான். தொட்டிக்கு மேல் மூடும் பைபர் கனொப்பி போடுவதானால் அதன் கண்ணாடிக் கதவின் கைபிடிப் பூட்டை நம்பவேண்டாம். அது மறைப்புக்கு நல்லது, அதற்குள்ளேயும் பெட்டி வேண்டும்.

அலாரம் பூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அசைந்தால் கத்தும் அலாரம் மற்ற ஊரில் சரிவரலாம். நம் நகரத்தில் இரவு முழுக்க மான்கள் றோட்டில் உலாவும். கோட்டைப் பக்கம் குடியிருந்த என் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டியில் ஒரு மான் நின்று முதுகைச் சொறிந்துகொள்ளும், அலாரம் கத்தும், தெரு விழிக்கும். நாலாம் நாள் அயலவர்களே வந்து கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஆள் வந்தால் எரியும் லைற் அதைவிட நல்லது, மான் வந்தாலும் எரியுமே தவிரக் கத்தாது. கெமராவோ, சாமான் களவு போனபிறகுதான் படம் காட்டும், ஹெல்மெட் போட்டவனின் படத்தை.

களவு போனபிறகு திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அடையாளத்தைப் பொறுத்தது. எல்லாச் சாமானின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது நீல நிற ட்ரில் என்று சொன்னால் ஊரில் பாதி ட்ரில் நீலம். இலக்கம் சொன்னால் பிடிபட்ட சாமானை உங்களுடையது என்று காட்டலாம். பெயரின் முதலெழுத்துகளைப் பிளாஸ்டிக் உடலில் சூட்டுக் கம்பியால் எழுதிவிடுங்கள். என் கடைச் சாமான் எல்லாம் ரோசாப்பூ நிறப் பெயின்ற். பெடியன்கள் வெட்கப்படுகிறார்கள், ஆனால் இரவல் போனதும் திரும்பி வருகிறது. ஏர்டேக் மாதிரியான வில்லைகள் அருகே ஐபோன் போனால்தான் இடத்தைச் சொல்லும். நகரத்துக்குள் பரவாயில்லை, குச்சவெளி தாண்டினால் நம்பிக்கை குறைவு. அதோடு கள்ளனிடம் ஐபோன் இருந்தால் தன்னோடு ஒரு வில்லை வருகிறது என்று அதுவே அவனுக்குச் சொல்லிவிடும். காப்புறுதி என் தொழிலில்லை. வண்டிக் காப்புறுதி பொதுவாக வண்டியையும் அதில் பொருத்திய பாகங்களையும் பார்க்கும், தொட்டியில் கிடக்கும் கருவிகளைத் தனியே கேட்டுச் சேர்க்கவேண்டியிருக்கலாம். முகவரிடம் எழுத்தில் கேளுங்கள், முறைப்பாட்டின் பிரதியையும் எடுத்து வையுங்கள்.

விலை கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை, இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆனால் வரிசை சொல்லலாம். இந்தக் கிழமையே சங்கிலி, ஹோஸ் கிளிப், தொடரிலக்கப் படங்கள். அடுத்த சம்பளத்தில் இரண்டு நல்ல பூட்டு. பெட்டியை ஆறுதலாக, மாரி தொடங்குமுன் அடித்துப் பெயின்ற் காயவிட்டு வண்டியில் பொருத்துங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபிறகு நல்ல கேஜ் செட் ஒன்றைத் திரும்ப வாங்குவதைவிடப் பெட்டி மலிவு.

திறப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூட்டோடு இரண்டோ மூன்றோ திறப்பு ஒரே வளையத்தில் வரும். வந்த நாளே பிரித்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை உங்கள் இடுப்பிலும் வையுங்கள். டாஷ்போட்டில் வேண்டாம், பெட்டிக்குள் நிச்சயமாக வேண்டாம். சிரிக்காதீர்கள், போன மாதமும் ஒருவர் அதற்காகத்தான் கெப்போடு என் கடை வாசலில் நின்றார்.